சென்னையில வேலை, பெங்களூருல வாடகை வீடு: தூரத்துல இருந்து நடத்த முடியுமா?

(ஒலி வடிவத்திலிருந்து சுருக்கித் தொகுக்கப்பட்டது)

போன மாசம் வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "சென்னையில வாடகைக்கு இருக்கேன். பெங்களூரு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு டூ பெட்ரூம் ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விடலாமா? ஐ.டி. ஆளுங்க எப்பவும் வருவாங்க, வாடகையே இ.எம்.ஐ. கட்டிடும்னு சொல்றாங்க." யார் சொல்றாங்கன்னு பாத்தா, பெரும்பாலும் விக்கிறவங்கதான்!

கணக்குல இருந்தே ஆரம்பிப்போம். இதுல வர்ற எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்க எண்களைப் போட்டுப் பாத்துக்கோங்க. ஃப்ளாட் விலை 90 லட்சம். வாடகை, மெயின்டனன்ஸையும் சேர்த்து, மாசம் 32,000. வருஷத்துக்கு 3,84,000, அதாவது விலையில 4.2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. புரோக்கர் சொல்றது இந்த எண்ணைத்தான்.

இப்ப கழிப்போம். வருஷத்துல ஒரு மாசம் வீடு காலியா இருந்தா 32,000 போச்சு. அசோசியேஷனுக்கு மாசம் 5,000, வருஷத்துக்கு 60,000. சொத்து வரி, ஆள் மாறும்போது பெயின்ட், கீசர், குழாய், அங்க பாத்துக்கிற ஆளுக்குக் கூலி, எல்லாத்துக்கும் ஒரு 42,000 வச்சுக்கோங்க. கையில நிக்கிறது இரண்டரை லட்சம். விலையில மூணு சதவீதம்கூட இல்ல. பத்திரச் செலவா போன பல லட்சத்தை நான் இன்னும் சேர்க்கவே இல்ல.

லோன் பக்கம் பாருங்க. 70 லட்சம், 8.5 சதவீதம், 20 வருஷம்னா இ.எம்.ஐ. ஏறக்குறைய 60,700. வாடகையில மிஞ்சறது மாசத்துக்குச் சராசரியா 20,800. மீதி 40,000 மாசாமாசம் உங்க சம்பளத்துல இருந்து போகும். சென்னையில நீங்க குடுக்கிற வாடகை தனி. ஃப்ளாட் விலை நல்லா ஏறினா இது லாபம்தான், நான் இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க போடுற பந்தயம் விலை ஏறும்ங்கறதுமேல. வாடகை அதுல ஒரு சின்னத் துணை, அவ்வளவுதான்.

"வட்டிக்கு வரிச்சலுகை இருக்கே"ன்னு அடுத்து ஒருத்தர் கேட்பாங்க. இருக்கு. வாடகை வருமானத்துல, கட்டின சொத்து வரியைக் கழிச்சு, அதுக்கப்புறம் 30 சதவீதம் தள்ளுபடி. பிறகு லோன் வட்டியையும் கழிக்கலாம். முதல் வருஷ வட்டியே 6 லட்சத்துக்குப் பக்கம் வர்றதால வாடகைக்கு வரி இருக்காது. ஆனா கழிச்சது போக மிச்சம் இருக்கிற நஷ்டத்தை சம்பளத்துல காட்டி வரியைக் குறைக்கிறது பழைய வரி முறையில மட்டும்தான், அதுவும் வருஷத்துக்கு 2 லட்சம் வரைக்கும். புது முறையில அது கிடையாது. நம்மள்ல பல பேர் இப்ப புது முறையிலதான் இருக்கோம். அதனால, "டாக்ஸ் மிச்சமாகும்"னு அப்பா காலத்துக் கணக்கை யாராவது சொன்னா, நீங்க எந்த முறையில இருக்கீங்கன்னு முதல்ல பாருங்க.

அடுத்தது டாக்குமென்ட். வேற மாநிலத்துல வாங்கும்போது நம்ம ஊர் அறிவு பாதிதான் உதவும். இங்க பட்டா, வில்லங்கச் சான்றுன்னு பேசுவோம். பெங்களூருல முதல் வார்த்தையே 'காத்தா'. மாநகராட்சிப் பதிவேட்டுல அந்தச் சொத்துக்கு இருக்கிற கணக்குன்னு வச்சுக்கலாம். ஏ காத்தா, பி காத்தான்னு ரெண்டு உண்டு. பி காத்தான்னா அனுமதியிலயோ நிலத்திலயோ ஏதோ ஒழுங்கில்லாத விஷயம் இருக்குன்னு அர்த்தம். லோன் வாங்கறதும் திரும்ப விக்கிறதும் கஷ்டம். 2024 கடைசியில இருந்து இ-காத்தா இல்லாம பத்திரப் பதிவே நடக்காது. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, காத்தா மட்டும் உரிமைக்குச் சான்று ஆகாது. தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் தனியா பாக்கணும். வில்லங்கச் சான்றை கர்நாடக அரசோட காவேரி தளத்துலயே எடுக்கலாம்.

இதுல பல காகிதம் கன்னடத்துல இருக்கும். பில்டர் காட்டுற வக்கீல் வேண்டாம். பெங்களூருலயே பிராக்டிஸ் பண்ற, கன்னடம் படிக்கத் தெரிஞ்ச வக்கீலை நீங்களா காசு குடுத்து வைங்க. பேங்க் லோன் குடுத்துட்டா டாக்குமென்ட் சுத்தம்னு ஒரு நம்பிக்கை நம்ம வீடுகள்ல இருக்கு. பேங்க் பாக்கறது அவங்க கடன் திரும்ப வருமான்னு. உங்க கவலையும் அவங்க கவலையும் ஒண்ணு இல்ல.

அப்புறம் ஓ.சி., அதாவது குடியேற்றச் சான்றிதழ். அந்த ஊர்ல இது இல்லாமலே ஆளுங்க குடியேறின கட்டடங்கள் நிறைய. 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புல இந்தச் சான்று இருந்தாதான் மின்சாரம், தண்ணி இணைப்பு குடுக்கணும்னு சொன்ன பிறகு, 2025ல பல புதுக் கட்டடங்களுக்கு மின் இணைப்பு நின்னுபோச்சு. அதனால ஓ.சி. "வந்துட்டே இருக்கு"ன்னு சொன்னா, வரட்டும், அப்புறம் பேசலாம்னு சொல்லுங்க. கட்டி முடிச்சு சான்று வாங்கின ஃப்ளாட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் கிடையாது, கட்டிட்டு இருக்கும்போது வாங்கினா 5 சதவீதம்.

வீட்டை நேர்ல பாக்காம வாங்காதீங்கன்னு சொல்லத் தேவையில்லை. ஆனா எப்ப போய்ப் பாக்கறீங்கங்கறது முக்கியம். ஜூலை மாசம் மழையில பாத்தா எல்லா ஃப்ளாட்டும் அழகு. ஏப்ரல்ல போங்க. 2024 கோடையில அந்த ஊர் தண்ணிக்குப் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். அந்த வருஷம் அக்டோபர்ல காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, பைப் போய்ச் சேராத வெளிவட்டப் பகுதிகளுக்கும் தண்ணி கொண்டுபோறாங்க. உங்க கட்டடத்துக்கு வந்திருக்கா, இல்ல இன்னும் டேங்கர்தானான்னு வாட்ச்மேன்கிட்ட கேளுங்க. சேல்ஸ் ஆபீஸ்ல வேற பதில் கிடைக்கும். டேங்கர் காசு மெயின்டனன்ஸ்லதான் ஏறும். மெட்ரோ பர்ப்பிள் லைன் 2023 அக்டோபர்ல இருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் முழுசா ஓடுது. ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரமா, ஆட்டோ பிடிக்கிற தூரமாங்கறதுல வாடகையே மாறும்.

சரி, வாங்கியாச்சு. யார் பாத்துப்பா? "சித்தப்பா பையன் மாரத்தஹள்ளியில இருக்கான், அவன் பாத்துப்பான்." எனக்குத் தெரிஞ்சு இந்த ஏற்பாடு முதல் வருஷம் நல்லாத்தான் போகும். ரெண்டாவது வருஷம் ஞாயித்துக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு பாத்ரூம்ல தண்ணி ஒழுகுதுன்னு போன் வரும். அவனுக்கும் குழந்தை, குடும்பம் இருக்கு. உறவும் கெடும், வீடும் கெடும். சொந்தக்காரனா இருந்தாலும் மாசம் ஒரு தொகை பேசிக் குடுங்க. இல்லேன்னா நிர்வாகம் பண்ற கம்பெனிகிட்ட விடுங்க, ஆனா ஒப்பந்தத்துல ரிப்பேருக்கு எவ்வளவு வரைக்கும் உங்களைக் கேட்காம செலவு பண்ணலாம்னு ஒரு எண் எழுதியிருக்கணும்.

அட்வான்ஸ் விஷயத்துல ஒரு எச்சரிக்கை. பெங்களூருல பத்து மாச வாடகையை அட்வான்ஸா வாங்கறது ரொம்ப நாள் பழக்கம். இப்ப பல இடத்துல குறைஞ்சிருக்கு. எவ்வளவு வாங்கினாலும் அது உங்க பணம் இல்ல. ஆள் காலி பண்ற அன்னிக்கு திருப்பிக் குடுக்கணும், அடுத்த ஆள் வர்றதுக்கு முன்னாடியே. தனி அக்கவுன்ட்ல போட்டு வைங்க. குடிவர்ற அன்னிக்கும் போற அன்னிக்கும் ஒவ்வொரு ரூமையும் வீடியோ எடுக்கச் சொல்லுங்க. அது இல்லாம 350 கிலோமீட்டர் தள்ளி உக்காந்துட்டு சுவத்துக் கறைக்குக் கழிக்கப் பாத்தா சண்டைதான் மிஞ்சும்.

கடைசியா பவர் ஆஃப் அட்டர்னி. தூரத்துல இருந்தா யாருக்காவது ஒண்ணு எழுதிக் குடுக்க வேண்டி வரும். எல்லா அதிகாரமும் குடுக்கிற பொதுப் பவர் வேண்டாம். வாடகை ஒப்பந்தம் போட, வரி கட்ட, அசோசியேஷன்ல பேசன்னு குறிப்பிட்ட வேலைகளை மட்டும் எழுதி, விக்கவும் அடமானம் வைக்கவும் அதிகாரம் இல்லைன்னு வெளிப்படையா போடுங்க. பவரை மட்டும் வச்சு நடக்கிற விற்பனையில உரிமை மாறாதுன்னு 2011லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. ஆனா விக்க அதிகாரம் குடுத்த பவரை வச்சு முறையாப் பத்திரமே பதிவு பண்ணிட்டா, அதை உடைக்க கோர்ட்டுக்கு அலையப்போறது நீங்கதான். நீங்க குடுத்த பவரை ரத்து பண்ணினாலும் அதையும் எழுதிப் பதிவு பண்ணி, அந்த ஆளுக்கும் அசோசியேஷனுக்கும் நோட்டீஸ் அனுப்பிடுங்க.