மந்தையை விட்டு விலகிய சொல்

ஆங்கிலத்தில் 'இக்ரீஜியஸ்' என்றொரு பெயரடை உண்டு. நம் பாடநூல்களில் அருகியே வரும். பிழை, பொய், அநீதி போன்றவற்றுக்கு அடைமொழியாகி, 'கண்கூடாகத் தெரியும் படுமோசமான' என்று பொருள்படும். ஆனால் இச்சொல் பிறந்தபோது வசை அன்று, புகழ்ச்சி!

இலத்தீனில் 'கிரெக்ஸ்' என்றால் மந்தை. மந்தையிலிருந்து வெளியே தனித்து நிற்பது, அதாவது தலைசிறந்தது என்பதே இதன் மூலப்பொருள். இவ்வேரின் பிள்ளைகள் நமக்குப் புதியவர் அல்லர். மதிப்பெண் பட்டியலில் நெஞ்சு படபடக்க நாம் தேடும் 'அக்ரிகேட்', மந்தையில் சேர்த்தது. தேவாலயத்தில் கூடும் 'காங்கிரிகேஷன்', ஒன்றாய்த் திரண்ட மந்தை. 'செக்ரிகேஷன்', மந்தையிலிருந்து பிரித்தல். கூட்டமாய் வாழும் உயிர்களை விலங்கியலார் 'கிரிகேரியஸ்' என்பர்.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்த இச்சொல்லுக்கு அப்போதே இரு முகங்கள். மார்லோவின் 'டாம்பர்லேன்' இரண்டாம் பாகத்தில் அரசப் பிரதிநிதிகளை மதிப்புடன் விளிக்க இது பயன்படுகிறது. ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகத்திலோ, தன் ஆணையால் மனைவி மாண்டாள் என நம்பிக் கதறும் கணவன், தன்னைக் கொலைகாரன் என்று பழிக்கும்போது இதே அடையைச் சேர்க்கிறான். கேலியாகப் புகழ்ந்ததால் பொருள் புரண்டிருக்கலாம் என்பர் சொல்லாய்வாளர். நம் 'நாற்றம்' நறுமணத்தை இழந்த கதைதான் நினைவுக்கு வருகிறது.

சில அகராதிகள் பழைய பொருளையும் தருவதால் ஏமாறுவது எளிது. இத்தாலியர் கடிதத்தில் பெயருக்கு முன் 'எக்ரேஜோ' என மரியாதையாக எழுதுவதுண்டு. அதன் ஆங்கில உடன்பிறப்பை நம் பேராசிரியருக்கு எழுதும் பிரிவுமடலில் சேர்த்துவிடாதீர்கள்!