வானலைச் சிறுதேர்

சிறுதேர் உருட்டி விளையாடுதல் தமிழ்ச் சிறுவர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வ வளத்தைக் கூறுமிடத்து, உலரும் உணவைக் கவர வந்த கோழியை ஓட்ட மகளிர் தம் காதணியைக் கழற்றி எறிந்தனர் என்றும், அவ்வணி சிறுவர் உருட்டிவந்த மூன்று சக்கரத் தேரின் வழியை மறித்தது என்றும் பாடுகின்றது. அத்தேருக்குக் குதிரை இல்லை என்பதனையும் புலவர் மறவாது குறிக்கின்றார். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவமும் சிறுதேர்ப் பருவமே ஆகும். இக்காலத்துச் சிறுதேருக்கோ குதிரையும் இல்லை, கயிறும் இல்லை, உருட்டும் கையும் இல்லை. ஐம்பது அடிக்கு அப்பால் நிற்கும் ஒருவன் தன் கையிலுள்ள கருவியின் சிறு சக்கரத்தைத் திருப்ப, தேர் திரும்புகின்றது. விரலால் விசையை இழுக்க, பாய்கின்றது. ‘ரிமோட் கார்’ என்று நீங்கள் அறிந்திருக்கும் இதனை, வானலையால் ஆளப்படுவதாதலின், வானலைச் சிறுதேர் என்றே யான் இக்கட்டுரையில் வழங்குவேன்.

மாணவர்களே, கடைத்தெருவில் மலிவாக விற்கும் ரிமோட் கார் வேறு. யான் ஈண்டுக் கூறப் புகுந்த சிறுதேர் வேறு. முன்னது பெட்டியிலிருந்து எடுத்தவுடனே ஓடும். சில திங்களில் ஒருநாள் ஓடாமல் நின்றுவிடும். திறந்து பார்த்தால் கருவிகள் யாவும் ஒரே சிறு பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். எவ்வுறுப்புப் பழுதுற்றது என்று அறிதலும் அரிது; அறிந்தாலும் அதனை மட்டும் வாங்கி மாற்றுதல் அதனினும் அரிது. ஆதலின் அது பரணுக்கு ஏறும். பின்னது ஓடும் பொருளாக வருவதேயில்லை. பெட்டியைத் திறந்தால் சட்டத்தோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறுப்புகளும், சிறு பைகளில் பிரித்துக் கட்டிய திருகாணிகளும், பற்சக்கரங்களும், ஒரு மோட்டாரும், படங்கள் நிறைந்த வழிகாட்டி ஏடும் இருக்கும். தேரைக் காண வேண்டுமாயின் நாமே அதனைக் கட்ட வேண்டும். இப்பொழுதுபோக்கின் இன்பத்திற் பெரும்பகுதி இக்கட்டுதலிலேதான் உள்ளது என்பது என் துணிபு. ஓட்டப் பந்தயம் என்பது கட்டியவன் கைத்திறனுக்கு நடக்கும் தேர்வே ஆகும்.

கம்பியின்றித் தொலைவிலிருந்து ஓர் ஊர்தியைச் செலுத்தலாம் என்பதை உலகிற்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. அவர் 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து மாடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில், தொட்டி நீரில் மிதந்த ஒரு சிறு படகை வானலையால் இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பரிலேயே அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எனினும் அத்திறம் சிறுவர் கைக்கு வருதற்கு நெடுங்காலம் ஆயிற்று. டிரான்சிஸ்டர் என்னும் சிறு மின்னணு உறுப்பு வந்து கருவிகள் சிறுத்த பின்னரே, 1960களில், இத்தாலி முதலிய நாடுகளில் வானலைக் கார்கள் விற்பனைக்கு வந்தன.

ஜப்பான் நாட்டு ஷிசுவோகா நகரில் 1946ஆம் ஆண்டு மர வாணிகமாகத் தொடங்கிய டாமியா நிறுவனத்தார், பின் மர பொம்மைகளும், அதன்பின் பிளாஸ்டிக் பொம்மைகளும் செய்து, 1976ஆம் ஆண்டில் போர்ஷே 934 என்னும் பந்தயக் காரின் உருவில், பன்னிரண்டில் ஒரு பங்கு அளவினதாக, முதல் வானலைக் காரை வெளியிட்டனர். 1984ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட இரண்டு கார்கள் பல நாட்டுச் சிறுவர்க்கும் இக்கலையின் அரிச்சுவடியாக அமைந்தன. ஒன்றின் பெயர் ‘கிராஸ்ஹாப்பர்’. வெட்டுக்கிளி என்பது பொருள். மற்றொன்று ‘ஹார்னெட்’, குளவி என்பது பொருள். இரண்டும் உண்மைக் காரிற் பத்தில் ஒரு பங்கு அளவின. மண்ணிலும் புல்லிலும் ஓடவல்ல இவற்றை அந்நிறுவனத்தார் இந்த நூற்றாண்டிலும் மீண்டும் வெளியிட்டுள்ளனர்.

வெட்டுக்கிளியைக் கட்டத் தொடங்குவோன் முதலிற் கையாள்வன பற்சக்கரங்கள். மோட்டாரின் தண்டில் பொருத்தும் சிறு பற்சக்கரம் விரைந்து சுழலும். அது கடிக்கும் பெருஞ்சக்கரம் மெல்லச் சுழலும். சிறியதற்குப் பற்கள் 20, பெரியதற்கு 80 என்று கொள்வோமாயின், மோட்டார் நான்கு சுற்றுச் சுற்றப் பெருஞ்சக்கரம் ஒரு சுற்றே சுற்றும். விரைவு நான்கில் ஒன்றாகக் குறைய, திருப்பும் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். சிறிய சக்கரத்தை மாற்றிப் பற்கள் மிகுந்த ஒன்றை இட்டால் தேர் விரைந்தோடும். ஆயின் புறப்படுங்கால் திணறும், மோட்டாரும் கொதிக்கும். வகுப்பறையில் விகிதம் என்னும் கணக்கைக் கசப்போடு செய்த மாணவன், இங்கே அதனை விரலாற் தொட்டு அறிகின்றான்.

பின் அச்சின் நடுவே ‘டிபரன்ஷியல்’ என்று மோட்டார்ப் பட்டறைகளில் வழங்கும் பற்சக்கரத் தொகுதி ஒன்று உண்டு. வளைவில் திரும்பும் வண்டியின் வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட நெடுவழி செல்ல வேண்டும். இரண்டும் ஒரே தண்டில் இறுகப் பிணைந்திருந்தால் ஒன்று தரையைத் தேய்த்து வழுக்கியே தீரும். இத்தொகுதியோ இரண்டனுக்கும் விசையைப் பகிர்ந்தளித்து, ஒன்று முந்தவும் ஒன்று பிந்தவும் இடங்கொடுக்கின்றது. சாலையில் ஓடும் பேருந்தின் பின் அச்சிலும் உள்ளது இதுவே. பேருந்தினடியிற் படுத்துப் பார்க்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. சிறுதேரிலோ ஒரு பின்சக்கரத்தைக் கையாற் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுழற்றி, அதன் செயலை நாமே காணலாம்.

அடுத்து, தேரின் உடலைத் தாங்கும் சுருள்வில். பள்ளத்தில் விழும் அதிர்ச்சியை வில் ஏற்றுக்கொள்ளும்; ஆனால் ஏற்றதைத் திருப்பியும் கொடுக்கும். அதனால் வண்டி துள்ளும். துள்ளலை அடக்கத் திறமான தேர்களில் வில்லின் நடுவே ஒரு சிறு குழாய் வைத்து, அதனுள் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பி, துளையிட்ட வட்டு ஒன்றை அதில் ஏறியிறங்கச் செய்வர். எண்ணெய் துளைவழி மெல்லவே செல்லுமாதலின் வில்லின் வேகம் தணியும். வெட்டுக்கிளிக்கு இவ்வெண்ணெய்க் குழாய் கிடையாது. எனவே அது தன் பெயருக்கேற்பக் குதித்துக் குதித்தே ஓடும். இக்குறையை அதன் அழகு என்று போற்றுவாரும் உளர். யானும் அவர் பக்கமே.

வானலைக் கருவி இரு கூறானது. ஓட்டுவோன் கையில் உள்ளது அனுப்பும் கருவி. தேரினுள் உள்ளது ஏற்கும் கருவி. ஏற்ற ஆணையைச் செயலாக்குவது ‘சர்வோ’ என்னும் சிறு பெட்டி. அதனுள் ஒரு குட்டி மோட்டாரும், பற்சக்கரங்களும், தண்டு எவ்வளவு திரும்பியுள்ளது என்பதை அளந்து சொல்லும் ஓர் உறுப்பும் உள. பொதுவான அமைப்பில் வினாடிக்கு ஐம்பது முறை அதற்கு ஒரு மின்துடிப்பு வரும். ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கினால், துடிப்பு ஒன்றரைக் கூறு நேரம் நீடிப்பின் ‘நேரே செல்’ என்பது ஆணை. ஒரு கூறளவாகக் குறையின் ஒரு பக்கமும், இரண்டு கூறளவாகக் கூடின் மறுபக்கமும் திரும்புக என்பது ஆணை. வந்த ஆணையையும் தான் நிற்கும் நிலையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும் வரை சர்வோ தன் தண்டைத் திருப்பிக்கொண்டேயிருக்கும். தன் நிலையைத் தானே நோக்கித் திருத்திக்கொள்ளும் இம்முறையே பெரிய ஆலைகளின் இயந்திரக் கைகளையும் ஆள்கின்றது.

முற்காலத்துச் சிறுதேர்கள் பெரும்பாலும் 27 மெகா ஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசையில் இயங்கின. அதில் உள்ள வழிகள் சிலவே. இருவர் ஒரே வழியைப் பற்றினால் ஒருவன் ஆணைக்கு மற்றவன் தேர் திரும்பும். ஆதலின் களத்திற்கு வருவோர் தத்தம் அலைக்குரிய நிறத்துணியைக் கருவியின் கம்பியிற் கட்டிக்கொள்ளுதல் வழக்கமாயிருந்தது. இக்காலத்துக் கருவிகள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அளவில் இயங்குகின்றன. ஒவ்வோர் அனுப்பும் கருவியும் தனக்குரிய ஏற்கும் கருவியோடு முன்னரே இணைக்கப்படுவதாற் பிறர் ஆணை அதனுட் புகாது. பல கருவிகள் ஓர் அலையில் நில்லாமல் அலைவிட்டு அலை தாவிக்கொண்டேயிருக்கின்றன. இவ்வாறு தாவும் கருத்திற்கு 1942ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றவர் இருவர்: திரைப்பட நடிகையாகிய ஹெடி லாமாரும், இசையமைப்பாளராகிய ஜார்ஜ் ஆன்தைலும். கடற்போரில் ஏவும் டார்பிடோவைப் பகைவர் தடுமாறச் செய்யலாகாது என்பதற்காக அவர்கள் அதனை எண்ணினர். பியானோவின் கட்டைகள் 88. அவர்கள் குறித்த அலைகளும் 88.

இனி ஓட்டத்திற்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் யான் அமெரிக்க நாட்டில் என் மகன் இல்லத்தில் தங்கியிருந்தபோது, அண்டை வீட்டார் தம் கொல்லைப்புறத்தில் அமைத்திருந்த பந்தயக் களத்தை நாள்தோறும் காணும் வாய்ப்புப் பெற்றேன். நம்மூர்க் கொல்லையில் வாழையும் முருங்கையும் நிற்குமன்றோ? அவர்கள் கொல்லையில் புல்லைச் செதுக்கி, மண்ணை நனைத்து மிதித்து, இரண்டு முழ அகலத்தில் ஒரு பாதை வளைந்து வளைந்து சென்றது. பழைய நீர்க்குழாய்களைத் தரையிற் பதித்து ஓரம் கட்டியிருந்தனர். ஈரிடத்தில் மண்ணைக் குவித்து, தேர் ஏறித் தாவுதற்கு மேடு செய்திருந்தனர். ஓட்டுவோர் நிற்க ஒரு மரப்பலகை மேடையும் உண்டு. பொழுது சாயும் வேளையில் தந்தையும் மகனும் மகளும் தத்தம் தேரோடு வந்து நிற்பர். தாய் கையிற் கடிகாரத்தோடு சுற்றுகளை எண்ணுவார்.

கண்டார்க்கு எளிதாகத் தோன்றும் இவ்வோட்டத்தில் ஓர் இடர் உண்டு. தேர் நம்மைவிட்டு விலகிச் செல்லும்போது அதன் வலப்பக்கம் நம் வலப்பக்கமாகவே இருக்கும். வளைந்து நம்மை நோக்கி வரும்போதோ அதன் வலம் நமக்கு இடமாகிவிடும். வலப்புறம் செல்ல வேண்டும் என்று கண் சொல்லும். கை இடப்புறம் திருப்ப வேண்டும். புதியவர் பலரும் இவ்விடத்திலேதான் வேலியில் மோதுவர். இடம் வலம் என்று எண்ணிக்கொண்டிருந்தால் எண்ணி முடிப்பதற்குள் தேர் கவிழ்ந்துவிடும். தேரினுள்ளே தான் அமர்ந்திருப்பதாகக் கருதிப் பழகுதலே வழி. அவ்வீட்டுச் சிறுமி, முதற் சில நாள் தேரை எட்டு என்னும் எண்ணின் வடிவில் மெல்ல மெல்ல ஓட்டியே இப்பழக்கத்தைப் பெற்றாள். விரைவை முழுதும் இழுத்துப் பிடித்த அவள் தமையன் மூன்று சுற்றில் இருமுறை கவிழ, அவள் ஒருமுறையும் கவிழாது அவனை முந்தியதை யான் கண்டேன்.

விரைவைப் பற்றி இவ்வாட்டத்தார் சொல்லும் ஒரு பெருமைப்பேச்சை நம்பற்க. பத்தில் ஒரு பங்கு அளவான தேர் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால், அது 400 கிலோமீட்டருக்குச் சமம் என்பர். தேரைச் சிறிதாக்கினரேயன்றிக் காலத்தைச் சிறிதாக்கினாரில்லை. ஆதலின் அக்கணக்கு வெறும் அலங்காரமே. ஆயினும் 40 கிலோமீட்டர் விரைவில் வரும் இரண்டு கிலோ எடையுள்ள பொருள் கணுக்காலில் மோதினால் எலும்பு முறியக்கூடும். ஓட்டம் நடக்கையில் பாதைக்குள் எவரும் கால் வைத்தல் ஆகாது.

மின்கலத்தில் இதனினும் பெருங்கவனம் வேண்டும். நிக்கல் மின்கலத் தொகுதியில் 1.2 வோல்ட்டு அளவான கலங்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட்டுத் தரும். அது ஓரளவு பொறுமையுடையது. லித்தியம் பாலிமர் கலமோ எடை குறைந்து ஆற்றல் மிகுந்தது, பொறுமையும் குறைந்தது. அதன் கலம் ஒன்றை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றினாலும், உள்ளே குத்துப்பட்டாலும், தீப்பற்றிக் கொழுந்துவிட்டு எரியக்கூடும். அதற்கென அமைந்த ஏற்றும் கருவியிலன்றிப் பிறிதொன்றில் இணைத்தலும், படுக்கையறையில் ஏற்றுதலும், ஏற்றிவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே செல்லுதலும் கூடா. உப்பிய கலத்தை ஒருபோதும் பயன்படுத்தற்க. முதல்முறை கட்டுவோர் பெரியவர் ஒருவர் துணையோடு நிக்கல் கலத்திற் தொடங்குதல் நன்று. கருவிகளை இயக்குதற்கும் ஒரு முறை உண்டு: முதலில் அனுப்பும் கருவி, பின்னர்த் தேர்; நிறுத்துங்கால் முதலில் தேர், பின்னர் அனுப்பும் கருவி. மாறிச் செய்தால் ஆள்வோரில்லாத தேர் தன் மனம்போல் ஓடிவிடக்கூடும்.

பந்தயம் என்றால் உடைதலும் உண்டு. பெரும்பாலும் முறிவது முன்சக்கரத்தைத் தாங்கும் சிறு கையே. அதற்காக எவரும் தேரைத் தூக்கி எறிவதில்லை. அவ்வீட்டுச் சிறுவன் படியில் அமர்ந்து, மூன்று திருகாணிகளைக் கழற்றி, முறிந்ததை எடுத்துப் புதியதைப் பொருத்தி, அச்சில் ஏறிய புழுதியைப் பழைய பல்துலக்கியால் துடைத்துவிட்டு எழ, காபி அருந்தும் நேரமே ஆயிற்று. எந்தத் திருகாணி எங்குள்ளது என்று அவனுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கே அதனை இட்டவன் அவனே அல்லனோ? பின் அவன் தேரை ஓரமாக வைத்துவிட்டு வளைவின் ஓரத்தில் சென்று நின்றான். தன் முறை முடிந்தவர் அடுத்த ஓட்டத்தில், கவிழும் தேர்களை நிமிர்த்திவிடும் ஏவலராக நிற்றல் இவ்வாட்டத்தின் வழக்கம். சற்று நேரத்தில் அவன் தங்கையின் தேர் மேட்டில் ஏறித் தலைகீழாக விழுந்தது. அவன் ஓடிச்சென்று அதனை நிமிர்த்தி, வந்த திசை பிசகாமல் பாதையில் வைத்துவிட்டு விலகினான்.