திறப்பு யாரிடம்?

அண்மையில் மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு நோயாளரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். கனடாவிலுள்ள மகன் கட்டிக்கொடுத்த புது வீடு. கதவில் இலக்கங்கள் ஒளிரும் கறுப்புப் பெட்டி ஒன்று. 'ஸ்மார்ட் பூட்டு' என்றார்கள். விரலடையாளத்தாலோ இரகசிய இலக்கத்தாலோ திறக்கலாம். இணையத்தோடு இணைத்திருப்பதால் மகன் ரொறன்ரோவிலிருந்தும் கைத்தொலைபேசி மூலம் திறந்துவிடலாம்.

வீட்டுக்கார அம்மாவோ வெளியே திண்ணையில் இருந்தார். "என்ர விரல அது அறியுதில்ல சுவாமி. இலக்கமும் மறந்துபோச்சு. மகன் அங்க நித்திரை, எழும்புமட்டும் இருக்கிறன்" என்றார். அப்போது இங்கே காலை பதினொரு மணி. அங்கே நள்ளிரவு கடந்திருந்தது. அவசரத்துக்கென்று கொடுத்த சாதாரணத் திறப்பு வீட்டினுள்ளே அலுமாரியில் இருந்தது! அன்று அவருக்கு நற்கருணை வழங்கியது அயல்வீட்டில்தான்.

அங்கே கூடியவர்கள் தத்தம் கருத்தைச் சொன்னார்கள். "கதவுடைக்கிற காலம். பிள்ளையள் வெளியில எண்டா வேறென்ன செய்யிறது?" என்றார் ஓர் இளைஞர். "பழகாததுதான் குறை, பூட்டில பிழையில்ல" என்றார் கடைக்காரர். அயல்வீட்டுப் பெண் மட்டும், "முந்தி மாமியின்ர திறப்பு எங்கட வீட்டிலதான் கிடக்கும்" என்று சொல்லிவிட்டு மௌனமானார்.

மூவர் சொன்னதிலும் உண்மை உண்டு. தனித்து வாழும் தாயைப் பற்றிய மகனின் பயத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. ஆயினும் இக்கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதையும் அறிந்திருத்தல் நன்று. விரலின் நுண்ணிய வரிகளைக் கொண்டே அது ஆளை அடையாளம் காண்கிறது. வலையிழுத்தும் உப்பிலும் சீமெந்திலும் உழைத்தும் தேய்ந்த விரல்களில் அவ்வரிகள் மங்கிவிடும். பூட்டு பற்றறியில் இயங்கினாலும், தூரத்திலிருந்து திறப்பதற்கு வீட்டு இணையம் வேலை செய்யவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அத்துடன், இணையத்தோடு இணைந்த பூட்டுகளில், கதவு எப்போது திறந்தது என்ற விபரம் எங்கோ ஒரு கம்பனியின் கணினியிலும் பதிவாகக்கூடும்.

அயல்வீட்டில் திறப்பைக் கொடுத்துவைப்பது யாப்போ தலைவரோ இல்லாத ஒரு சமூக நிறுவனம். திறப்பை வைத்திருப்பவர் மழை வந்தால் கருவாட்டை எடுத்து உள்ளே வைப்பார். காலையில் கதவு திறபடாவிட்டால் வந்து பார்ப்பார். புதிய பூட்டு நம்பிக்கையை அயலவரிடமிருந்து எடுத்து, தூரதேசத்து மகனிடமும் முகமறியாத கம்பனியிடமும் ஒப்படைக்கிறது.

பூட்டு எப்போதும் மனிதரைப் பிரிப்பதற்கென்றே இருந்ததில்லை. 1199 இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் புனித நாட்டுக்கான காணிக்கையைச் சேர்க்க ஆலயங்களில் பெட்டி வைக்கும்படி பணித்தார். அதற்கு மூன்று திறப்புகள்: ஒன்று ஆயரிடம், ஒன்று குருவிடம், மற்றையது பக்தியுள்ள ஒரு பொதுநிலையினரிடம். 1991 இல் நைஜர் நாட்டில் 'கெயார்' நிறுவனம் பெண்களிடையே தொடக்கிய முயற்சியின் வழிவந்த கிராமச் சேமிப்புக் குழுக்கள் பலவற்றிலும் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டுகள் உண்டு. மூன்று அங்கத்தவர் திறப்புகளை வைத்திருப்பர். பெட்டி எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்படும். எவரையும் கள்ளராகக் கருதியல்ல. ஒருவரையும் தனியே சோதனைக்கு உட்படுத்தாதிருக்கவே இந்த ஒழுங்கு.

ஆகவே புதிய பூட்டைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அதைப் பூட்டும்போது நம்பிக்கையான இரு அயலவரின் விரலடையாளத்தையும் அவர்களது சம்மதத்தோடு பதியுங்கள். முதியவரின் பல விரல்களைப் பதிந்து, எது நன்றாக வேலை செய்கிறதென்று பாருங்கள். அவசரத் திறப்பை அயல்வீட்டில் கொடுத்துவையுங்கள். பற்றறி மாற்றும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் பூட்டு வாங்குமுன் அயலவரோடு ஒருமுறை பேசுவது நல்லது.

அடுத்த அன்பியக் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம்: எமது ஒழுங்கையில் தனித்திருக்கும் முதியவர் ஒருவர் இரவில் விழுந்துவிட்டால், அவரது கதவைத் திறக்கக்கூடியவர் யார்? பெயர் சொல்ல முடியாத வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்து, அவற்றிலிருந்து எமது வேலையைத் தொடங்குவோம்.