பட்டுச் சேலையும் போலீஸ் வண்டியும்

நடமாடும் கட்டுப்பாட்டு அறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

ஆரணி, பட்டுச் சேலைக்குப் பெயர் போன ஊர். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். கலியாண மாதம் வந்துவிட்டால் கடை வீதியில் ஒரே கூட்டம்!

அந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை, தாயின் கையை விட்டுப் பிரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் கதறுகிறாள். போலீஸ்காரர் ஓடி வருகிறார். ஆனால், அவர் கண்ணுக்குப் பத்தடி தூரம்தான் தெரிகிறது. அதற்கு அப்பால் எல்லாம் மனிதத் தலைகள்!

சக்கரம் வைத்த அறை

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு வண்டி இருக்கிறது. அதற்கு "நடமாடும் கட்டுப்பாட்டு அறை" என்று பெயர்.

பார்ப்பதற்கு அது பஸ் அல்லது பெரிய வேன் போல இருக்கும். கூரையில் உயரமான கம்பம். கம்பத்தின் உச்சியில் சுற்றிச் சுற்றிப் பார்க்கும் காமிரா. காமிரா பிடிக்கும் படங்கள், வண்டிக்குள் இருக்கும் திரைகளில் தெரியும். அங்கே ஒரு போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருப்பார். எந்தத் தெருவில் நெரிசல், எந்தப் பக்கம் வழியைத் திறக்க வேண்டும் என்பதை வயர்லெஸ் மூலம் சொல்வார். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது. வண்டியிலேயே ஜெனரேட்டர் உண்டு.

கட்டிடம் நகராது. கூட்டம் நகரும். ஆகவே, கட்டுப்பாட்டு அறையும் நகர வேண்டியதாகிறது.

இரண்டு பாடங்கள்

1992-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி கும்பகோணத்தில் மகாமகம். குளக்கரையில் லட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். நெரிசலில் சிக்கி சுமார் 50 பேர் இறந்தார்கள். எங்கே நெரிசல் கூடுகிறது என்று உடனுக்குடன் தெரிவது உயிர் காக்கும் காரியம். அதை அந்தத் துயரம் காட்டியது.

அமெரிக்காவுக்குக் கிடைத்த பாடம் வேறு. நியூயார்க் நகரம் தன் அவசரகாலக் கட்டுப்பாட்டு நிலையத்தை உலக வர்த்தக மையத்தின் 7-ம் எண் கட்டிடத்தில், 23-வது மாடியில் வைத்திருந்தது. 2001 செப்டம்பர் 11-ந் தேதி இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டன. நிலையத்தில் இருந்தவர்கள் வெளியேறினார்கள். அன்று மாலையே அந்தக் கட்டிடமும் இடிந்து விழுந்தது. நிலையம் மிக மிகத் தேவைப்பட்ட நாளில் அது இல்லை!

அதன் பிறகு அமெரிக்க மத்திய அரசாங்கம் நகரங்களுக்கு மானியம் கொடுத்தது. பல நகரங்களின் போலீசார் அந்தப் பணத்தில் இத்தகைய வண்டிகளை வாங்கினார்கள்.

நம் நாட்டில் யார் கொடுக்கிறார்கள்?

போலீஸ் துறை மாநில அரசாங்கத்தைச் சேர்ந்தது. ஆகவே, செலவும் முதலில் மாநிலத்தின் தலையில்தான். ஆனால், போலீசை நவீனமாக்க 1969-ம் ஆண்டு முதல் மத்திய அரசாங்கமும் உதவி வருகிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்களுக்கு இந்தத் திட்டத்தில் 60-க்கு 40 என்பது கணக்கு. 1 கோடி ரூபாய்க்கு ஒரு வேலை என்றால் மத்திய அரசாங்கம் 60 லட்சம் கொடுக்கும். மாநில அரசாங்கம் 40 லட்சம் போட வேண்டும்.

இன்னொரு வழி, "நிர்பயா நிதி". 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்சில் ஒரு மாணவி கொடுமைக்கு ஆளாகி இறந்தார். நாடே கொதித்தது. பெண்களின் பாதுகாப்புக்காக 2013-ம் ஆண்டு 1,000 கோடி ரூபாயுடன் இந்த நிதி தொடங்கப்பட்டது. இதன் கீழ் "பாதுகாப்பான நகரம்" திட்டத்துக்கு 8 பெரிய நகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சென்னையும் அதில் ஒன்று. சென்னைக்கு ஒப்புதலான தொகை ரூ.425 கோடி.

ஆரணி போன்ற ஊர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. சின்ன ஊருக்கென்று தனி வண்டி வாங்குவதும் கட்டுப்படி ஆகாது. மாவட்டத்துக்கு ஒரு வண்டி இருந்து, கூப்பிட்ட நேரத்தில் வந்து சேர்ந்தால் போதும். ஆரணி இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில். கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானோர் கூடும் மாவட்டம் அல்லவா அது!

சேலையில் இருக்கும் பங்கு

மத்திய அரசாங்கம், மாநில அரசாங்கம் என்கிறோம். இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் யார்? 10,000 ரூபாய் விலையுள்ள பட்டுச் சேலைக்கு ஜி.எஸ்.டி. வரி 5 சதவீதம். அதாவது 500 ரூபாய். தமிழ்நாட்டுக்குள் விற்கும்போது மத்திய அரசாங்கத்துக்கு 250, மாநில அரசாங்கத்துக்கு 250. மகள் கலியாணத்துக்குச் சேலை எடுக்கும் தகப்பனாரும் அந்த வண்டிக்குப் பணம் கொடுத்தவர்தான்!

சில இடங்களில் வியாபாரிகள் நன்கொடை தருவதும் உண்டு. சென்னையில் "மூன்றாவது கண்" என்ற பெயரில், பொதுமக்களும் கடைக்காரர்களும் பணம் போட்டுத் தெருக்களில் காமிரா வைத்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஓர் எச்சரிக்கை தேவை. பணம் கொடுத்தவருக்குப் போலீஸ் நிலையத்தில் தனிச் சலுகை கிடைத்துவிடக் கூடாது. நன்கொடைக்கு ரசீது வேண்டும். கணக்கு எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

தறி மட்டும் போதுமா?

ஆரணி நெசவாளிக்கு ஓர் உண்மை நன்றாகத் தெரியும். தறி வாங்கிப் போட்டால் மட்டும் சேலை வந்துவிடாது. பாவு வேண்டும். ஊடை வேண்டும். பழகிய கை வேண்டும்.

வண்டியும் அப்படியே. டிரைவர் வேண்டும். டீசல் வேண்டும். காமிரா பழுதானால் சரி செய்யப் பணம் வேண்டும். திரையைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி பெற்ற போலீசார் வேண்டும். வாங்கும்போது ஒரு முறை பணம் கொடுத்தால் போதாது. ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். இல்லாவிட்டால் மாலை போட்டுத் தொடங்கி வைத்த வண்டி, கொட்டகையில் தூசி படிந்து நிற்கும்!

வண்டி வாங்கப்பட்டதா? எவ்வளவு ரூபாய்? எத்தனை நாள் ஓடியது? இதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு. 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, 10 ரூபாய் கட்டணத்துடன் மனுக் கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும்.

சேலை வாங்கும்போது ஜரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வரிப் பணத்தில் வாங்கும் வண்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் கை நழுவிய அந்தக் குழந்தை, தாயிடம் திரும்பி வருவதற்காக அல்லவா அந்தப் பணம்!