கண்ணிற்படாத வன்தட்டு

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் ஒருங்கே குடியிருத்தல் வேண்டுமென்னும் விருப்பம் மாணாக்கரிடையே இந்நாளிற் பெரிதும் காணப்படுகின்றது. பரிசோதனைச் சாலையிற் கற்றதை விடுதியறையிலும் பயில விரும்புதல் நன்றே. ஆயின், இம்முயற்சியிற் புகுந்தோர் பலர் ஓரிடத்திலே திகைத்து நின்றுவிடுகின்றனர். புதிய இயங்குதளத்தை எத்தட்டில் நிறுவுவது என்று நிறுவுநிரல் வினவுமிடத்து, வன்தட்டின் பெயரே பட்டியலிற் காணப்படுவதில்லை. அன்றேல், எழுத்தும் படமும் நிறைந்த தட்டு வெறுந்தட்டாகத் தோன்றுகின்றது. முன்னதைக் கண்டு, தட்டுப் பழுதாயிற்றெனக் கடைக்கு விரைவார் உளர். பின்னதைக் கண்டு, இடம் காலியாகவே கிடக்கின்றதென்று துணிந்து, மூன்றாண்டு உழைப்பை ஒரு நொடியில் அழித்துக்கொள்வாரும் உளர். இரண்டாவது பிழைக்குப் பரிகாரமில்லையாதலின், யாம் இதனை எழுதப் புகுந்தோம்.

தட்டுக் காணப்படவில்லை என்றால், யாருக்குக் காணப்படவில்லை என்பதே முதற்கேள்வி. கணினியை உயிர்ப்பித்தவுடன் எஃப் 2 முதலிய விசையை அழுத்தினால் (இவ்விசை கணினிக்குக் கணினி வேறுபடும்) யூ.இ.எஃப்.ஐ. என்னும் அடிப்படை நிரலின் பக்கம் திறக்கும். ஆங்கும் தட்டின் பெயர் இல்லையாயின், கம்பித் தொடர்போ தட்டோ கெட்டிருத்தல் கூடும். ஆங்குப் பெயர் இருந்து, நிறுவுநிரலில் மட்டும் இல்லையாயின், தட்டுப் பெரும்பாலும் நலமாகவே உள்ளது. அதனொடு பேசும் மொழியே நிறுவுநிரலுக்குத் தெரியவில்லை என்க.

இம்மொழிச் சிக்கல் புதிதன்று. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, 2004-இல் வகுக்கப்பட்ட ஏ.எச்.சி.ஐ. என்னும் தட்டுத்தொடர்பு முறையை எங்ஙனம் அறிந்திருக்கும்? ஆகலின், புதிய கணினிகளில் அதனை நிறுவியோர், வன்தட்டே இல்லை என்னும் செய்தியைக் கண்டனர். எஃப் 6 விசையை அழுத்தி, அதற்குரிய இயக்கியை ஃபிளாப்பித் தட்டிலிருந்து ஊட்டுதல் வேண்டியிருந்தது. அக்கணினிகள் பலவற்றில் ஃபிளாப்பி செருகுமிடமே இல்லாதிருந்தமை வேடிக்கை.

இந்நாளில் இதே வழக்கு வேறு உருவத்தில் வந்துள்ளது. இன்டெல் செயலி பூண்ட மடிக்கணினிகள் பல, ரெய்ட் அல்லது ஆர்.எஸ்.டி. என்னும் முறையில் அமைக்கப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. அம்முறையில் என்.வி.எம்.இ. தட்டானது நேரே முகங்காட்டாது, மற்றொரு கட்டுப்படுத்தியின் திரைக்குப் பின் நிற்கின்றது. லினக்ஸ் கருநிரல் திரைக்குப் பின் ஒரு தட்டு உண்டென்பதை உணர்ந்து, ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றுக என்று தன் குறிப்பேட்டில் எழுதியும் வைக்கின்றது. அக்குறிப்பேட்டைப் புரட்டுவோர்தாம் அரியர். விண்டோஸும் இதற்கு விலக்கன்று. 2020-இல் வந்த பதினொன்றாந் தலைமுறை இன்டெல் செயலி முதலாக வி.எம்.டி. என்னும் அமைப்பு மடிக்கணினிகளிற் பரவியபின், விண்டோஸ் நிறுவுநிரலே தன் தட்டைக் காணாது நிற்றல் உண்டு. ஆண்டுக் கணினி செய்தார் தரும் இயக்கியை யூ.எஸ்.பி.யில் இட்டு, நிறுவும்போதே ஊட்டினாற் போதும்.

லினக்ஸுக்காக ரெய்டை ஏ.எச்.சி.ஐ.யாக மாற்றுவோர் முறை தவறாது செய்தல் வேண்டும். அவசரப்பட்டு மாற்றிவிட்டால், முன்னரே உள்ள விண்டோஸ் தன் தட்டை இழந்து நீலத்திரை காட்டி நிற்கும். ஆதலின், முதற்கண் கோப்புக்களை வெளித்தட்டொன்றிற் படியெடுத்துக்கொள்க. அடுத்து, பிட்லாக்கரின் மீட்புத்திறவுகோலை எழுதி வைத்துக்கொள்க. விண்டோஸ் 11 உள்ள கணினிகள் பலவற்றில் உடையவர் அறியாமலே இப்பூட்டு இடப்பட்டிருக்கும். அடிப்படை அமைப்பை மாற்றியவுடன் அது திறவுகோல் கேட்கும். பின்னர் விண்டோஸில் எம்.எஸ்.கான்ஃபிக் என்னும் கருவியால், அடுத்த தொடக்கம் பாதுகாப்பு முறையில் நிகழுமாறு செய்க. அதன்பின் கணினியை மீளத் தொடங்கி, யூ.இ.எஃப்.ஐ. பக்கத்தில் ஏ.எச்.சி.ஐ.க்கு மாற்றுக. விண்டோஸ் பாதுகாப்பு முறையில் எழுந்து, புதிய முறைக்குரிய இயக்கியைத் தானே பூண்டுகொள்ளும். அது முடிந்ததும் எம்.எஸ்.கான்ஃபிக்கிற் செய்த மாற்றத்தை நீக்கிவிடலாம். இரண்டு மூன்று தட்டுக்களை மெய்யாகவே ரெய்டாகப் பிணைத்து வைத்திருப்போர் மட்டும் இதனைத் தொடாதிருக்க.

இனி, நிறைந்த தட்டு வெறுந்தட்டாகத் தோன்றும் வகை. ஒவ்வொரு வன்தட்டின் தலைப்பிலும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் உண்டு. எப்பகுதி எங்குத் தொடங்கி எங்கு முடிகின்றதென்பது அதிற் காணும். 1983-இல் பி.சி. டாஸ் 2.0-உடன் வந்த எம்.பி.ஆர். என்னும் பழைய பத்திரம் நான்கு முதன்மைப் பங்குகளுக்கே இடந்தரும். 512 பைட்டுக் கூறுகளையுடைய தட்டில் 2 டெராபைட்டுக்கு அப்பால் எழுதவும் அறியாது. ஜி.பி.டி. என்னும் புதிய பத்திரம் தட்டின் தலைப்பிலும் கடைசியிலுமாக இரண்டு படிகள் கொண்டது. ஒரு காலத்தில் ஜி.பி.டி.யாயிருந்த தட்டைப் பழைய கருவியொன்றால் எம்.பி.ஆர். ஆக்கினார் என்று கொள்வோம். கடைசியிலுள்ள படி அழியாது கிடக்கும். ஒரு நிலத்துக்கு இரு பத்திரங்கண்ட நிறுவுநிரல் எதனையும் நம்பாது, முழு இடத்தையும் புறம்போக்காகக் காட்டிவிடும். இரண்டு பங்குகளின் எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பினும் இவ்வாறே நிகழும். எழுத்துக்கள் யாவும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பத்திரமே பிழை. முன்னதற்கு ஃபிக்ஸ்பார்ட்ஸ் என்னும் சிறு கருவி, எஞ்சிய ஜி.பி.டி. படியை மட்டும் நீக்கித் தரும். அதுகாறும் நிறுவுநிரலின் எந்தப் பொத்தானையும் அழுத்தற்க.

விண்டோஸ் நிறுவுநிரல் தட்டைக் கண்டும், எம்.பி.ஆர். பத்திரமுள்ளதாகலின் இதில் நிறுவவியலாது என மறுப்பதும் உண்டு. யூ.இ.எஃப்.ஐ. வழியில் எழுந்த நிறுவுநிரல் ஜி.பி.டி.யையே ஏற்கும். விண்டோஸ் 10-இன் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்னும் கருவி உடன் வருகின்றது. விண்டோஸ் உள்ள தட்டின் கோப்புக்களை அழிக்காமலே அது பத்திரத்தை மாற்றும்.

தட்டுத் தெரிந்தும் விண்டோஸின் பங்கைச் சுருக்க இயலவில்லையாயின், விரைவுத்தொடக்கம் என்னும் வசதியை ஐயுறுக. அது விண்டோஸை முற்றும் உறங்கவிடாது, அரைத்தூக்கத்தில் நிறுத்துகின்றது. அதனை நீக்கி, விண்டோஸை ஒருமுறை முறையாக மூடிவிட்டு, மீண்டும் லினக்ஸ் நிறுவுநிரலைத் தொடங்குக.