வானொலியும் வலையொலியும்
ஓர் ஒப்பு நோக்கு

முகவுரை

கற்றலோடு கேட்டலையும் அறிவுக்கு வாயிலாகக் கொண்டது தமிழர் மரபு. திருவள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்துக் கேள்வி எனத் தனியோர் அதிகாரம் வகுத்தார். வேதத்தைச் சுருதி, அதாவது கேட்கப்பட்டது, என வழங்குகின்றோம். ஈழத்துக் கோயில்களிற் புராண படனம் நிகழுங்கால் ஒருவர் செய்யுளைப் படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, ஏட்டைத் தொட்டறியாதாரும் கந்தபுராணத்தின் பொருளை உணர்ந்தனர். எழுத்தறியாமை அறிவைப் பெறுதற்குத் தடையாகாதவாறு காத்தது இச்செவிவழிக் கல்வியே.

இருபதாம் நூற்றாண்டிலே இக்கேள்விச் செல்வத்தைப் பெருக்கிய கருவி வானொலி. இருபத்தோராம் நூற்றாண்டில் அதன் அருகே வந்து நிற்பது வலையொலி. 'பொட்காஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதையே தமிழில் வலையொலி என்கின்றனர். இவ்விரண்டும் செவிக்கு உரியனவேயாயினும் இயல்பால் வேறுபட்டவை. அவ்வேறுபாடு யாது, அதனால் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் நமக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலியின் இயல்பு

வானொலி நிலையத்திலே பேசுவோரின் குரல் மின்னலைவாக மாற்றப்பட்டு, மின்காந்த அலையின்மீது ஏற்றப்பட்டு, வானலை வாங்கியை நோக்கி விடப்படுகின்றது. அவ்வலை செக்கனுக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீற்றர் வேகத்திற் செல்வதாகலின், பேசும் கணமும் கேட்கும் கணமும் நடைமுறையில் ஒன்றே.

அலையின் வகைக்கேற்ப அது சென்றடையும் தூரம் வேறுபடும். பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. மலையும் நிலத்தின் வளைவும் அதனைத் தடுக்கும். மத்திய அலை நிலத்தை ஒட்டிச் செல்வது. உப்புநீர் மின்னை நன்கு கடத்துவதால், வறண்ட நிலத்தினும் கடலின்மீது அது நெடுந்தூரம் செல்லும். சிற்றலையோ வானின் மேலடுக்கிலுள்ள அயனமண்டலத்தில் வளைந்து திரும்பிக் கண்டங்களைக் கடக்கும். கரையினின்றும் நெடுந்தொலைவு சென்று வலைவிரிக்கும் மீனவர்க்கு வானொலிப் பெட்டி நெடுங்காலம் துணையாயிருந்தமைக்கு இவ்வியற்கை விதிகளே காரணமாம்.

வானொலிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. கேட்போர் ஒருவராயினும் பத்து இலட்சம் பேராயினும் நிலையத்தின் செலவு ஒன்றே. கோயில் மணியை ஒருமுறை அடித்தால் ஊர் முழுவதும் கேட்கின்றது. கேட்போர் தொகைக்கேற்ப மணியடிப்பவரின் உழைப்புக் கூடுவதில்லை. வானொலியும் அத்தகையதே.

இலங்கையில் வானொலி

இலங்கையின் வானொலி வரலாறு பழைமை வாய்ந்தது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளரான எட்வேட் ஹாப்பர் 1920களின் முற்பகுதியிற் கொழும்பிலே பரிசோதனை ஒலிபரப்புக்களை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் உறுப்புக்களைக் கொண்டு அவர் தமது கருவியை அமைத்தார் என்பர். 1925 டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் தோன்றி மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் அது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், தென்கிழக்காசியாவெங்கும் பரந்திருந்த நேச நாட்டுப் படையினர்க்கென ஒரு வானொலி கொழும்பிலே நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அதன் ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவி இலங்கை அரசின் கைக்கு வந்தது. இலங்கை வானொலியின் குரல் இந்தியப் பெருநிலம் முழுவதும் கேட்டதற்கு அக்கருவி வழிவகுத்தது. 1952இல் இந்திய அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலே திரைப்பாடல்களை ஒதுக்கியபோது, தமிழ்நாட்டு நேயர்கள் பெருந்தொகையினராய் இலங்கை வானொலியை நாடினர். ஒருநாட்டின் கட்டுப்பாடு மறுநாட்டின் அலைக்குத் தடையாகவில்லை. 1967இல் இலங்கை வானொலி கூட்டுத்தாபனமாயிற்று.

இவ்வானொலி ஈழத்துத் தமிழுக்கு ஆற்றிய பணி சிறியதன்று. 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் வானொலி நாடகத்துறையை வளர்த்தார். இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்', சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' ஆகிய தொடர் நாடகங்கள் வாயிலாக ஈழத்துப் பேச்சுவழக்கு அரங்கேறிற்று. நம்மவர் பேசும் பேச்சும் கலைக்கு உரியதே என்னும் தன்னம்பிக்கை நேயர்க்கு அவற்றால் உண்டாயிற்று.

போர் நிகழ்ந்த காலத்திலே வானொலி உயிர்நாடியாயிற்று. மின்சாரமும் மின்கலமும் கிட்டாத வடபகுதியில் 1990களில் மக்கள் துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பி.பி.சி. தமிழோசைக்காகக் குடும்பங்கள் மாலை வேளையில் ஒருங்கு கூடின. 1941இல் தொடங்கிய தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் மாத இறுதியில் நிறுத்தப்பட்டது. இணையவழி அந்நிறுவனத்தின் தமிழ்ப்பணி தொடர்கின்றதாயினும், குறித்த வேளையில் யாவரும் ஒரே குரலுக்குச் செவிசாய்த்த வழக்கம் அத்துடன் மறைந்தது.

வலையொலி யாது?

வலையொலி என்பது ஒலிக்கோப்பும் அறிவிப்பேடும் சேர்ந்த ஓர் ஏற்பாடு. ஒருவர் தமது பேச்சை ஒலிப்பதிவு செய்து, சுருக்கி, இணையத்தோடு இணைந்த கணினியொன்றில் வைக்கின்றார். அக்கோப்பின் தலைப்பு, திகதி, இருப்பிடம் முதலியவற்றைக் கணினி படித்தறியக்கூடிய ஓர் ஓடையிற் குறிக்கின்றார். கேட்போரின் கைத்தொலைபேசியிலுள்ள செயலி அவ்வோடையை அடிக்கடி சென்று பார்க்கின்றது. புதிய பதிவு சேர்ந்திருப்பின் அதனைக் கொணர்ந்து வைக்கின்றது. வலையொலிக்கும், இணையத்திலே தனியாக வைக்கப்பட்ட ஓர் ஒலிப்பதிவுக்கும் உள்ள வேறுபாடு இவ்வோடையே. தபாற்காரர் சந்தாதாரருக்குச் சஞ்சிகை கொணர்வதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

ஓடையிலே ஒலிக்கோப்பின் முகவரியை இணைக்கும் முறையை 2000ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கரான டேவ் வைனர் வகுத்தார். ஒலிபரப்பாளரான அடம் கறி அதனைப் பரப்புவதில் முன்னின்றார். 2004 பெப்ரவரியில் 'கார்டியன்' நாளிதழில் எழுதிய பென் ஹாமர்ஸ்லி, 'ஐபொட்' என்னும் பாட்டுப்பெட்டியின் பெயரையும் ஒலிபரப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் புணர்த்து ஆக்கிய சொற்களுள் ஒன்றே 'பொட்காஸ்ட்'. 2005 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் தனது ஐரியூன்ஸ் மென்பொருளில் வலையொலிகளுக்கு இடமளித்தபின் அது பெரிதும் பரவிற்று. 2014இல் வெளிவந்த 'சீரியல்' என்னும் அமெரிக்கத் தொடர், ஒரு கொலை வழக்கை வாரந்தோறும் ஆராய்ந்து கோடிக்கணக்கான முறை பதிவிறக்கப்பட்டது.

ஒப்பு நோக்கு

முதலாவதாகக் காலத்தை நோக்குவோம். வானொலியின் நேரத்துக்கு நேயர் தம்மை அமைத்துக்கொள்ள வேண்டும். ஏழு மணிச் செய்தியை ஏழேகாலுக்குக் கேட்க விழைவோர் இழந்தவரே. வலையொலியோ கேட்போரின் நேரத்துக்குக் காத்திருக்கின்றது. இரவெல்லாம் கடலில் நின்றவர் நண்பகலிற் கேட்கலாம். விளங்காத பகுதியை மாணவர் மீண்டும் கேட்கலாம். கற்பித்தலுக்கு இஃது உகந்த இயல்பாகும்.

இரண்டாவது செலவு. வானொலி நிலையம் அமைக்க உரிமமும் கோபுரமும் பெரும் முதலும் வேண்டும். கேட்போர்க்கோ மின்கலச் செலவே. வலையொலியில் இந்நிலை தலைகீழாகின்றது. பேசுவோர்க்கு ஒரு கைத்தொலைபேசியும் அமைதியான அறையும் போதும். ஆயின் கேட்போர் ஒவ்வொருவரும் இணையத்துக்குப் பணம் செலுத்த வேண்டும். பேச்சுக்குப் போதுமான 64 கிலோபிற்று அளவிலே பதிந்தாலும் ஒருமணித்தியாலப் பதிவு ஏறத்தாழ 29 மெகாபைற்று ஆகும். நகரத்தார்க்கு இது சிறிது. அன்றாடம் உழைத்து உண்போர்க்கு இதுவும் கணக்கிற்கு உரியதே.

மூன்றாவது பொறுப்பு. வானொலியிலே ஒருசொல் வெளிப்படுமுன் ஆசிரியர், தயாரிப்பாளர் எனப் பலரது கண்ணுக்கு உட்படும். அதனால் ஆள்வோர்க்கு ஒவ்வாத உண்மை தடைப்படுவதும் உண்டு. ஆதாரமற்ற வதந்தி தடைப்படுவதும் உண்டு. வலையொலியில் இரண்டும் தடையின்றி வெளிவரும். ஆதலின் பிரித்தறியும் பொறுப்பு நிலையத்தை விட்டுக் கேட்போரின் தோளில் ஏறுகின்றது.

நான்காவது உரையாடல். 1932இல் ஜெர்மானிய நாடகாசிரியர் பிரெக்ற், வானொலி ஒருவர் பேசப் பலர் கேட்கும் கருவியாய் நில்லாது, கேட்போரும் பேசும் கருவியாதல் வேண்டும் என வற்புறுத்தினார். வானொலி அதனை முழுதும் நிறைவேற்றவில்லை. பேசும் ஆற்றலைப் பலரிடம் பரப்பியதால் வலையொலி அதனை ஓரளவு நிறைவேற்றியது எனலாம். எனினும் பேசுவோர் பெருகிய அளவுக்கு ஒவ்வொருவரையும் கேட்போர் அருகினர் என்பதும் உண்மை.

ஐந்தாவதும் முதன்மையானதும் உடனிகழ்வு. 2004 டிசம்பர் 26ஆம் நாள் காலை, இலங்கை நேரப்படி 6.58 மணிக்குச் சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் நடுங்கிற்று. ஆழிப்பேரலை நமது கிழக்குக் கரையை அடைய ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. அவ்விடைவேளையில் எச்சரிக்கை எதுவும் கரையோர மக்களை எட்டவில்லை. அன்று வேண்டியிருந்தது ஒரே கணத்தில் எல்லாச் செவியிலும் விழும் ஒரு குரல். அதனை வானொலி அளிக்க இயலும். நாளை கேட்பதற்காக வைக்கப்படும் வலையொலி அளிக்க இயலாது. கைத்தொலைபேசிக் கோபுரங்கள் மின்னிழந்து வாய்மூடும் புயற்காலத்திலும் தொலைநிலையத்தின் அலையைச் சிறு வானொலிப் பெட்டி ஏற்கும். கலங்கரை விளக்கத்தின் பணியைக் கைவிளக்கு செய்யாது.

திருகோணமலைக்கு இதனால் ஆவது யாது?

1980களில் ஜெர்மனியின் டொயிச்ச வெல்ல நிறுவனம் திருகோணமலை நகருக்கு வடக்கே கடற்கரையோரத்தில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவிற்று. அதன் ஆற்றல்மிக்க சிற்றலைகள் ஆசியாவின் பல பகுதிகளை எட்டின. பின்னர் அந்நிலையம் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது. நமது மண்ணினின்றும் எழுந்த அவ்வலை அயல்நாட்டு நேயர்க்காகவே எழுந்தது. தொலைநாட்டின் செய்தியை உலகுக்கு அஞ்சல் செய்த கரை, தன் கதையைச் சொல்லத் தனக்கென ஒரு குரலைப் பெற்றிலது. பெருநிலையங்கள் நாடு முழுவதற்கும் பேசவேண்டியவை. ஒரு துறைமுகத்தின் நினைவுகளுக்கு அவற்றில் நேரம் கிடைத்தல் அரிது.

அக்குறையை வலையொலி நிரப்பக்கூடும். வலை இழுக்குங்கால் மீனவர் பாடும் அம்பாப் பாடல்கள் இயந்திரப் படகுகளின் வரவால் அருகி வருகின்றன. மூதூரிலும் வெருகலிலும் வாழும் முதியோரின் வழக்குச் சொற்கள், 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியமை பற்றிப் பெற்றோர்வழிக் கேட்ட செய்திகள், 1957இற் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தபோது அங்குத் தொழில்செய்தோர் குடும்பங்களின் நினைவுகள் ஆகியன நூல்களில் முழுதும் இடம்பெற்றில. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் அருகருகே வாழும் மாவட்டத்தில் ஒருவர் நினைவை மற்றவர் கேட்பது ஒருவரையொருவர் அறிதற்கும் வழியாகும். இவற்றை அறிந்தோர் ஒவ்வொருவராய் மறைகின்றனர். ஒலிப்பதிவு செய்ய இன்று பெருமுதல் வேண்டியதில்லை, விரைவே வேண்டும்.

எனினும் ஓர் எச்சரிக்கையையும் கூறுதல் தகும். காற்றிற் கலந்த வானொலி நிகழ்ச்சி மீளாதது போலவே, பிறர் இல்லத்தில் வைத்த பொருளும் நிலையானதன்று. கூகிள் நிறுவனம் தனது வலையொலிச் செயலியை 2024இல் மூடிற்று. ஓடை பொதுவுடைமையாயிருந்தமையால் நேயர் வேறு செயலிக்கு மாற முடிந்தது. ஆயினும் மூலக்கோப்பை வைத்திருக்கும் நிறுவனமே மூடப்படின் பதிவும் அழியும். ஆகவே மூலப்பதிவின் படிகளைக் கல்லூரி நூலகத்திலும், ஈழத்து ஆவணங்களை எண்ணிம முறையிற் பேணும் நூலக நிறுவனம் போன்ற இடங்களிலும் வைத்தல் நன்று. பேசியவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை அவரது இசைவோடு குறித்துவைத்தலும் இன்றியமையாதது. குறிப்பில்லாத ஒலிப்பதிவு பெயரில்லாத ஏட்டுச்சுவடி போன்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் வானொலியும் வலையொலியும் ஒன்றையொன்று அழிக்கப் பிறந்தவை அல்ல என்பது போதரும். இப்பொழுதைய செய்தியை யாவர்க்கும் ஒருங்கே சொல்வது வானொலியின் கடன். சொல்லியதை வேண்டுவார் வேண்டுங்கால் மீட்டுக் கேட்க வைப்பது வலையொலியின் கடன். புயலும் பேரலையும் வரும் கரையில் வாழ்வோர் வானொலிப் பெட்டியைப் பரணில் எறிதல் அறிவுடைமையன்று. முதியோரின் நாவில் மட்டும் வாழும் வரலாற்றை உடையோர் ஒலிப்பதிவுக் கருவியைப் புறக்கணித்தலும் அறிவுடைமையன்று. மாணவர் ஒவ்வொருவரும் தம் இல்லத்து மூத்தோர் ஒருவரின் குரலையேனும் இவ்வாண்டிற் பதிந்துவைப்பாராயின், பின்வருவோர் கேட்டறிதற்குரிய செல்வம் ஒன்று இம்மாவட்டத்திற் சேரும்.