நடுத்தரச் சீட்டுக்கு வரும் சோதனை

கொல்கத்தாவில் சீட்டாட்டத்துக்கு என்றுமே பஞ்சமில்லை. திண்ணை அரட்டையில் 'இருபத்தொன்பது', கிளப்புகளில் பிரிட்ஜ், தீபாவளி இரவில் மூன்று சீட்டு. 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் ஆடவர் இரட்டையர் தங்கத்தை வென்ற பிரணாப் பர்தனும் (60) ஷிப்நாத் சர்க்காரும் (56) வங்காளிகளே.

போக்கருக்கோ இங்கே சட்டத்திலேயே இடம் உண்டு. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டம் பிரிட்ஜ், ரம்மி, நாப் ஆகியவற்றுடன் போக்கரையும் பெயர் சொல்லி, 'சூதாட்டம்' என்ற வரையறைக்கு வெளியே வைத்தது. குஜராத் உயர் நீதிமன்றம் 2017இல் போக்கரைச் சூதாட்டம் என்றே தீர்மானித்தது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்றே பார்க்காமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகள் அனைத்துக்கும் தடை விதித்தது.

போக்கர் ரசிகர்களின் வாதம் ஒன்றுதான்: இது திறமையின் ஆட்டம். சரி, அந்தத் திறமை மேஜையில் எங்கே தெரிகிறது? பிரமாதமான சீட்டு வந்தால் யாரும் ஜெயிப்பார்கள். குப்பைச் சீட்டை யாரும் கவிழ்த்துவிடுவார்கள். இரண்டும் இல்லாத நடுத்தரச் சீட்டு கையில் இருக்க, எதிராளி விடாமல் பணத்தை ஏற்றிக்கொண்டே போகும்போதுதான் சோதனை.

ஆளுக்கு இரண்டு ரகசியச் சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. ஒருவர் கையில் கிளாவர் ஏஸும் கிளாவர் ஜாக்கியும். மேஜையில் முதலில் விழுபவை இஸ்பேட் ராஜா, டைமன் ஜாக்கி, இஸ்பேட் ஆறு. ஜாக்கி ஜோடி சேர்ந்துவிட்டது. ஆனால் எதிராளியிடம் ஒரு ராஜா இருந்தால் போச்சு. அவர் பந்தயம் கட்டுகிறார். அடுத்து ஹார்ட் இரண்டு, மறுபடியும் கட்டுகிறார். கடைசியாக டைமன் எட்டு. மேஜையில் சேர்ந்திருப்பது 3,000 ரூபாய். எதிராளி இன்னொரு 3,000 ரூபாயைத் தள்ளுகிறார்.

புதியவர்கள் செய்யும் தவறு இரண்டு. ஒன்று, பயந்து கவிழ்ப்பது. மற்றொன்று, ரோஷம் வந்து பந்தயத்தை மேலும் உயர்த்துவது. உயர்த்தினால் உதார் விட்டவர் ஓடிவிடுவார். நிஜமாகவே நல்ல சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே எதிரே நிற்பார். ஆகவே நடுத்தரச் சீட்டுக்கு மிஞ்சுவது இரண்டே வழி: ஈடாகப் பணம் வைத்துச் சீட்டைப் பார்ப்பது, அல்லது கவிழ்ப்பது.

எதைச் செய்வது? இங்கே கணக்கு வருகிறது. 3,000 வைத்தால் 6,000 கிடைக்கலாம். மூன்றில் ஒரு முறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. எதிராளி 1,500 மட்டும் கட்டியிருந்தால் நான்கில் ஒரு முறை போதும்.

அடுத்த கேள்வி, எதிராளியின் கையில் என்ன இருக்கலாம்? ராஜாவோடு ஏஸ், ராணி, ஜாக்கி ஆகியவற்றில் ஒன்று இருக்கலாம். அல்லது ஆறு ஜோடியாக இருக்கலாம். வெளியே தெரியும் சீட்டுகளைக் கழித்துவிட்டு எண்ணினால் இவை 30 வகையில் அமையும். ராணியும் பத்தும் வைத்துக்கொண்டு, வரிசை சேருமென்று காத்திருந்து ஏமாந்தவராகவும் இருக்கலாம். அது 16 வகை. இவற்றை எல்லாம் ஒரே மாதிரி ஆடுபவர் என்றால் 46இல் 16 உதார். மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகம். இஸ்பேட் சேருமென்று துரத்தித் தோற்றவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும். பணத்தை வைக்கலாம்.

ஆனால் அதே சீட்டு, அதே பந்தயம், எதிரே இருப்பவர் மட்டும் வேறு ஆள் என்றால்? மாலை முழுதும் வாய் திறக்காமல், நல்ல சீட்டு வந்தால் மட்டுமே பணத்தைத் தொட்டவர் என்றால், அந்த 16 வகை பூஜ்யமாகிவிடும். கவிழ்ப்பதுதான் புத்திசாலித்தனம். தன் சீட்டு எவ்வளவு நல்லது என்பதைவிட, எதிராளி எந்தெந்தச் சீட்டை இப்படி ஆடுவார் என்பதே கேள்வி.

கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. மேலே சொன்ன சரியான முடிவைப் பத்து முறை எடுத்தால் ஆறேழு முறை தோற்கத்தான் வேண்டும். ஜெயிக்கும் அந்த மூன்று நான்கு முறையில்தான் லாபம் ஒளிந்திருக்கிறது. தோற்ற எரிச்சலில் விட்டதைப் பிடிக்கப் புறப்பட்டால் கணக்கு மறந்துபோகும். வீட்டுப் பணமும் மேஜைக்கு வந்துவிடும்.

1957இல் சட்டம் போக்கருக்கு விலக்கு அளித்தது ஆட்டத்துக்குத்தான். ஆடுகிறவர் திறமைசாலியா சூதாடியா என்பது, நடுத்தரச் சீட்டோடு உட்கார்ந்திருக்கும் அந்த அரை நிமிடத்தில் அவர் எண்ணுகிறாரா, கோபப்படுகிறாரா என்பதில் தெரிந்துவிடும்.